அக்னி மூலைப் பொட்டி

என்ற பையை மேல போட வேண்டாமுங்க தம்பி, மடியிலயே இருக்கட்டும். மேல போட்டுக் கீழ விழுந்துச்சுன்னா, நீங்கதான் ஒடச்சீங்கன்னு கம்பெனிக்காரன் சொல்லுவான், அந்தப் பழியும் என்ற தலையிலதான் வந்து விடியும். நீங்க சன்னலோரமாத் தள்ளி உக்காருங்க. ஈரோடுங்களா? நானும் ஈரோடுதானுங்க. ஸ்டாண்டுக்கு முந்தின ஸ்டாப்புல எறங்கிக்குவேன். நெட்டுக் கம்பெனி ஆபீசு அங்கதான் இருக்குது.

ஆமாங்க, நெட்டுப் பொட்டிதான். துண்டுல சுத்தி வெச்சும் கொம்பு வெளிய தெரியுது பாருங்க. கொம்பு மட்டும் எருமைக்கடாயாட்ட இருக்குது, வேலை கன்னுக்குட்டி அளவுக்குக்கூட இல்லீங்க.

கழுத்துல அட்டை தொங்கறதப் பாத்தா நீங்களும் கம்ப்யூட்டர் வேலைன்னுதான் தெரியுது. அப்ப நான் சொல்றது உங்களுக்குச் சட்டுன்னு புடிபடும். இதைக் கொண்டு போயி அவனுங்க மேசை மேல வெக்கப் போறனுங்க. இது கோளாறான பொட்டி, ஆரம்பத்துல இருந்தே கோளாறுதான்னு அவனுங்க வாயாலயே சொல்ல வெக்கோணும். அந்த ஆபீசுல ஒரு புள்ளை உக்காந்திருக்கும். எம்பொண்ணுக்குப் போன் போட்டு அந்தப் புள்ளையையே பேச வெக்கலாம்னு இருக்கறேன். அப்பறம் வேற பொட்டி வாங்கிட்டுத்தான் திரும்பறது. பொங்க நோம்பி வந்துருச்சு. அதுக்குள்ள இது முடிஞ்சாத்தான் அவ ஊட்டுக்கு வருவா. இல்லீன்னா... வருவாளுங்க. ஏன் வராமப் போறா.

நான் கோபிங்க. பேரு நாச்சிமுத்து. பஸ் டிப்போல டைம் கீப்பரா இருந்து ரிட்டையர் ஆனவன். எந்த வண்டி எப்ப உள்ள வந்துது, எப்ப வெளிய போச்சு, எந்த டிரைவர் டீக்கடையில நின்னு பேசுனான், எல்லாம் எனக்குத் தெரிஞ்சாகோணும். அப்படியே பழகிப்போச்சு. எங்கூட்டுக்காரி ருக்குமணி சொல்லுவா, டிப்போவுலதான் ரிட்டையர் பண்ணுனாங்க, ஊட்ல இன்னும் டூட்டியிலதான் இருக்கறீங்கன்னு. கிண்டலுக்குச் சொல்றதுதான்.

எங்களுக்கு ஒரே பொண்ணு, மைதிலி. பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில நல்ல வேலை. வெளிநாட்டுக்காரங்ககிட்ட மூஞ்சி பாத்துப் பேசற வேலைன்னு மட்டும் எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வயசாச்சு, ஒரு எடமும் தகையல. பொண்ணு பாக்க வர்றவங்க நாள் பாத்து வருவாங்க. நல்ல நாள் பொதன்கெழமையும் வரும், வெசாலக்கெழமையும் வரும். அன்னைக்கு இவ பெங்களூர்ல உக்காந்திருந்தா போட்டோவையா காட்டறது? ஊட்ல இருந்தே வேலை பாக்கலாம்னு அவங்க ஆபீசுல சொல்லிட்டாங்கன்னு தெரிஞ்சதும், வந்துரு கண்ணுன்னு சொன்னேன்.

அவ உடனே ஒத்துக்கலீங்க. நெட்டு நல்லா இருக்கோணும்ப்பா, இல்லீன்னா என்ற வேலைக்கே மோசம் வந்துரும்னா. கோபி என்ன காடா, அதெல்லாம் நான் பாத்துக்கறேன்னு வாக்குக் குடுத்தேன். குடுத்த வாக்குப்படி அவ வர்றதுக்கு முன்னாலயே கனெக்சன் வாங்கிட்டேனுங்க. அதுல என்னை யாரும் ஒரு கொறை சொல்ல முடியாது.

பொட்டி கம்பெனியில இருந்தே குடுக்கறதுதான். மாட்ட வந்த பையன், ஹால்ல நடுச் சுவத்துல அடிச்சர்லாங்களா சார்னு கேட்டான். ஹால் ஆகாதுப்பா, அடுப்படியில அடின்னேன். ஒரு மாதிரியாப் பாத்தான். அக்னி மூலைங்க. கரண்டு சாமானம் எதுவா இருந்தாலும் அக்னி மூலையிலதான் இருக்கோணும். எங்கூட்ல ஃப்ரிட்ஜு, கிரைண்டர், மிக்ஸி, துணி தொவைக்கற மிசினு எல்லாம் அடுப்படியைச் சுத்தித்தான். டி.வி. கூட அடுப்படி வாசலை ஒட்டித்தான் இருக்குது, கழுத்தைத் திருப்பித்தான் பாக்கோணும். ஹாலு ஈசானி மூலை. அங்க ஒரு ப்ளக் பாயிண்டு வெக்கறதுக்குக்கூட நான் விடலை. ஃபேனும் லைட்டும் உண்டு, அது உச்சியில இருக்குது, கைக்கு எட்டாது.

சரி, பொட்டி அக்னி மூலை. பொண்ணுக்கு மாடியில வாயு மூலை ரூம்பு. கல்யாணம் ஆகோணும்ங்கற பொண்ணை வாயு மூலையிலதான் படுக்க வெக்கோணும், காத்தாட்டச் சீக்கிரமாக் கெளம்பிருவான்னு எங்க வாஸ்துக்காரர் சொல்லியிருந்தாரு. நீங்க சிரிக்கறீங்க. சிரிங்க. உங்க வயசுல நானும் சிரிச்சவந்தான்.

என்னங்க? ஆமாங்க, அது ஒரு கோடி, இது ஒரு கோடிதான். கீழ ஒரு மூலை, மேல அதுக்கு நேர் எதுத்த மூலை. நடுவுல எல்லாம் ஒம்பதங்குலச் சுவரு. நானே நின்னு தண்ணி ஊத்திக் கட்டுனது, ஆணி அடிச்சா ஆணி மொனை மழுங்கிப் போகும். அந்தச் சுவத்தைத் தாண்டிப் போற மாதிரிப் பொட்டி குடுக்கறது அவனுங்க பொறுப்பா, என்ற பொறுப்பா? நீங்களே சொல்லுங்க.

அவ வந்த மொத நாளே தெரிஞ்சு போச்சு. கீழ நல்லா எடுக்குது. மாடிப்படியில மூணாவது படி வரைக்கும் எடுக்குது. அதுக்கு மேல போனாத் திணறுது. ரூம்புக்குள்ள போயிக் கதவைச் சாத்துனா சுத்தம். செல்போன் டவரும் அந்த ரூம்புல ஊட்டுக்கு வர்ற ஒறம்பரையாட்டத்தான், நெனச்சா வரும், நெனச்சாப் போயிரும். பேசிட்டிருக்கறப்பவே அந்தப் பக்கத்து வெள்ளைக்காரன் வாயைத் தொறந்தபடியே நின்னு போயிருவான். இவ ஹலோ ஹலோன்னு கத்தறது கீழ வரைக்கும் கேக்கும்.

அப்பறம் அவளே ஒரு எடம் கண்டுபுடிச்சா. அடுப்படியில அரிசி டின்னுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவுல ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்குவா. பின்னால மொளகாப்பொடி டப்பாவெல்லாம் தெரியுதுன்னு, ருக்குமணியோட நீலச் சீலை ஒண்ணைக் கட்டித் தொங்க விட்டா. பாக்கறவனுக்கு அது ஆபீசுச் சுவராட்டத் தெரியுமாம். அவ பேச ஆரம்பிச்சா ருக்குமணி தாளிக்க மாட்டா. குக்கர் வெக்க மாட்டா, விசில் அடிக்குமேன்னு. மிக்ஸி போட மாட்டா. எனக்கு மத்தியானச் சோறு பொழுது எறங்கித்தான் வரும், அதுவும் தேங்கா அரைக்காத கொழம்பு. நான் ஒண்ணும் சொல்லலீங்க. பெத்த பொண்ணுக்காகப் பொறுத்துக்கிட்டேன். அடுப்படி வெக்கையில அவளுக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு போட்டுருச்சு. அதுக்கும் கடைக்குப் போயிப் பவுடர் வாங்கியாந்தது நாந்தான்.

ருக்குமணி பொட்டிக்கு ஒரு உறை தெச்சுப் போட்டிருந்தா, கிரைண்டருக்குத் தெச்ச அதே பூப்போட்ட துணியில. எண்ணெப் பிசுக்கு ஏறுதேன்னு. உறையினாலதான் எடுக்கலையோன்னு கழட்டிப் பாத்தோம். அப்பவும் அதே கதைதான். அப்ப தப்பு எங்க மேல இல்லைன்னு தெளிவாத் தெரிஞ்சு போச்சுங்களே.

அதுக்கப்பறம் கம்பெனிக்காரனோட மல்லுக்கட்டறதே எனக்கு வேலையாப் போச்சு. போன் போட்டா மொதல்ல மிசினு பேசும். அப்பறம் ஒரு புள்ளை பேசும். பொட்டியை அமத்திட்டு மறுபடி போடுங்க சார்ங்கும். தலைவலிக்குப் போனாலும் கால்வலிக்குப் போனாலும் ஒரே மாத்திரை குடுக்கற டாக்டராட்ட, எதுக்கும் அமத்திட்டுப் போடு, அமத்திட்டுப் போடு. போன்ல ஆகாதுன்னு நேர்லயே போனேன். இதே பஸ்ஸுதான், இதே ரோடுதான். இந்தப் பொட்டிக்கு எட்டற தூரம் அவ்வளவுதான் சார்னாங்க. சரி, மாடியில இன்னொரு சின்னப் பொட்டி வெச்சுக்கறோம்னா, வெளிப் பொட்டியை எங்க பொட்டி சேத்துக்காது சார்ங்கறாங்க. கடையில நல்லதா ஒண்ணு நானே வாங்கிக்கறேன்னா, எங்க லைனுக்கு எங்க பொட்டிதான் சார்ங்கறாங்க. உள்ள போயி என்னமோ மாத்துனாக் கொஞ்சம் எச்சா எட்டும்னு மைதிலி சொன்னா, அதுக்கு ஒரு பாஸ்வேர்டு வேணுமாம். அது அவங்ககிட்டத்தான் இருக்குமாம், குடுக்க மாட்டாங்களாம்.

எப்படி இருக்குது பாருங்க ஞாயம். என்ற ஊட்டுக்குள்ள, என்ற சுவத்துல, என்ற கரண்டுல எரியற பொட்டி. அதுல எது எங்க இருக்கோணும்னு முடிவு பண்றது எங்கயோ உக்காந்திருக்கற ஒருத்தன். ஊட்ல இருக்கற மனுசங்களுக்கு எது தோதுன்னு கேக்கறதே கெடையாது. நான் வெச்சதுதான் சட்டம்னு ஒருத்தன் நின்னா, கூட இருக்கறவங்க எப்படிங்க பொழைக்கறது?

கடைசியா எல்லாரும் ஒரே எடத்துலதான் வந்து நிப்பாங்க. எடத்தை மாத்துங்க சார். அடுப்படியில இருந்து எடுத்து ஹால்ல வெய்யுங்க சார். நானும் விளக்கமாச் சொல்லிப் பாத்தேன். பஸ்ஸு ஸ்டாப்புக்கு வரோணுமா, ஸ்டாப்பு பஸ்ஸைத் தேடிட்டுப் போவோணுமான்னு அந்தப் புள்ளைகிட்டக் கேட்டேன். திரும்பவும் எடத்தை மாத்துங்க சார்ங்குது. சொன்னதையே சொல்றது. இவ்வளவு புடிவாதம் மனுசனுக்கு ஆகாதுங்க.

மைதிலியும் அதையேதான் சொன்னா. ஆரம்பத்துல சிரிச்சுக்கிட்டே சொன்னா. அப்பறம் சும்மா சொன்னா. அப்பறம் சொல்றதை உட்டுட்டு, அவளே கம்பெனிப் பையன்கிட்டச் சொல்லி நீட்டமா ஒரு சுருள் ஒயரு வாங்கி வெச்சுக்கிட்டா, அந்த நெட்டு வர்ற ஒயரு, நூலாட்ட இருக்குமே அது. கரண்டுக்கு ஒரு எக்ஸ்டென்சன் பொட்டியும் வாங்கியாந்தா. மாடிப்படி ஏர்ற எடத்துல, ஹால் சுவத்துல ஒரு ஆணி அடிச்சு மாட்டிட்டாப் போதும்ப்பா, மேல கீழ ரெண்டுக்கும் எட்டும்னா. ஆகாதுன்னுட்டேன்.

ஏனுங்க, நீங்களும் அதையே கேக்கறீங்க. படிச்சவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் கேக்கறீங்க. வாஸ்துவாவது மண்ணாங்கட்டியாவதுன்னு உங்க மனசுல ஓடறது எனக்குத் தெரியாம இல்லை.

எங்களுக்கு ஒரு பையன் இருந்தானுங்க. பூபதி. மைதிலிக்கு மூத்தவன். அப்ப நாங்க லைன் ஊட்ல குடியிருந்தோம், இப்ப இருக்கறது அப்பறம் கட்டுனது. அந்தூட்லயும் முன் ரூம்பு ஈசானி மூலைதான். ஒரு டேபிள் ஃபேன் வெச்சிருந்தோம், பழைய ஃபேன், நாந்தான் வாங்கியாந்தது. அவன் குளிச்சுட்டு வந்து ஈரக் கையோட ப்ளக்கைச் சொருகியிருக்கறான். ருக்குமணி கொல்லையில இருந்தா. நான் டிப்போல வண்டி வந்த நேரம் எழுதிட்டு இருந்தேன். ஆள் வந்து சொன்னப்பக்கூட, எழுதிட்டிருந்த வரியை முடிச்சுட்டுத்தான் எந்திரிச்சேன். எதுக்கு அப்படிப் பண்ணுனேன்னு தெரியலீங்க. புத்திக்கு எட்டலை.

சரி, அதை உடுங்க. எலக்ட்ரீசியன் வந்து பாத்துட்டு, எர்த் இல்லை, ஃபேன் பாடியில கரண்டு எறங்கியிருக்குது, கையும் ஈரம், அவ்வளவுதான்னான். அவ்வளவுதான்னு சொன்னா எப்படிங்க? ஒரு உசுரு அவ்வளவுதானுங்களா? வாஸ்துக்காரர் ஒருத்தர்தான் எனக்குப் புரியற மாதிரிச் சொன்னாரு. ஈசானி தண்ணி மூலை, அங்க கொண்டு போயி நெருப்பை வெச்சீங்களே, ஆகுமான்னாரு. அன்னைக்குத்தான் எனக்குத் தூக்கம் வந்துது. எங்க வெக்கக் கூடாதுன்னு தெரிஞ்சு போச்சே, இனி வெக்காம இருந்தாப் போதுமேன்னு. அதுல இருந்து புடிச்சதுங்க. இத்தனை வருசம் ஊட்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை பாத்துக்குங்க.

மைதிலிகிட்டச் சொன்னனாங்கறீங்களா? அண்ணன் கரண்டுலதான் போனான்னு அவளுக்குத் தெரியும். எந்த ரூம்பு, எந்த மூலைன்னெல்லாம் எங்கூட்ல யாரும் பேசுனதில்லை. அதையெல்லாம் போயி அவகிட்ட எப்படிங்க சொல்றது. வாஸ்துன்னு சொன்னேன். அதுவே போதுமே.

அப்பத்தான் அந்தப் பொதன்கெழமை வந்துது. பெருந்துறைப் பக்கம் இருந்து ஒரு நல்ல எடம். தறி வெச்சிருக்கறவங்க, மாப்ள இஞ்சினியரு. சாயங்காலம் பொண்ணு பாக்க வர்றோம்னு சொல்லி உட்டாங்க. அன்னைக்குச் சாயங்காலந்தான் அவளுக்கும் ஆபீசுல பெரிய மீட்டிங்காம். அவளைத் தலைவியாப் போட்டு ஒரு குழு அமைக்கறதாம், மேல இருக்கறவங்க முன்னால இவ பேசிக் காட்டோணுமாம். எத்தனையோ மாசமா அதுக்குத்தான் அந்த ஸ்டூல்ல உக்காந்து வேர்த்துக் கெடந்தாளாட்ட இருக்குது. லீவு போட்ருன்னேன். முடியாதுன்னா. சரி, ஒரு மணி நேரம் பேசிட்டு வந்து காப்பி குடுத்துருன்னேன். அவ்வளவு எறங்கி வந்தேனுங்க.

அடுப்படியில உக்கார முடியாது. எங்க பக்கம் பொண்ணு பாக்க வர்ற பொம்பளைங்க வந்ததும் நேரா அடுப்படிக்குத்தான் போவாங்க, ஊட்டுச் சுத்தம் அங்கதான் தெரியும்னு. அரிசி டின்னு பக்கத்துல நீலச் சீலையைக் கட்டிட்டுப் பொண்ணு உக்காந்திருந்தா என்ன நெனப்பாங்க? காலையிலயே வந்து கேட்டா, இன்னைக்கு ஒரு பொழுது மட்டும் பொட்டியை மாடிப்படிக்கிட்ட வெச்சுக்கறம்ப்பான்னு. ஹால் பூராச் சனம், கொழந்தைங்க ஓடும், தரையில கரண்டுப் பொட்டி கெடக்கும், ஆகவே ஆகாதுன்னேன். அவ லேப்டாப்பை எடுத்துட்டு மேல போயிட்டா.

வந்தவங்க உக்காந்து பலகாரம் தின்னுட்டிருக்கறாங்க. மேல இருந்து ஹலோ, ஹலோன்னு சத்தம். சித்த நேரம் கழிச்சு மறுபடியும். அப்பறம் திடுதிடுன்னு எறங்கி வந்தா. லேப்டாப்பை ரெண்டு கையிலயும் ஏந்திட்டு, மூணாவது படியில வந்து நின்னுக்கிட்டா, அங்கதானே எடுக்கும். அத்தனை பேருக்கும் முன்னால நின்னு இங்கிலீசுல பேசுனா. பாதியிலயே நிறுத்தி, அந்தப் பக்கம் என்னமோ சொன்னதைக் கேட்டுட்டு, சரி சரின்னு தலையை ஆட்டி மூடிட்டா. மாப்ளையோட பெரியம்மா, பொண்ணு என்னமா இங்கிலீசு பேசுதுன்னு அசந்து போயிட்டாங்க. எனக்குப் பெருமையாத்தான் இருந்துது. அந்த எடம் அங்கயே முடிஞ்ச மாதிரிதான், பொண்ணு புடிச்சுருச்சுன்னு போறப்பவே சொல்லிட்டாங்க. மைதிலி காப்பித் தட்டை எடுத்துட்டுப் போறப்ப என்னை ஒரு பார்வை பாத்தா. எனக்கு அப்பப் புரியலை, களைப்பா இருக்கறான்னு நெனச்சேன்.

அவங்க போனதுக்கப்பறம் வந்து சொன்னா. அந்தத் தலைவி வேலையை வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்களாம். மூணு தடவை அறுந்து போச்சாம், இவ படிக்கு எறங்கி வர்றதுக்குள்ள அடுத்த ஆளைப் பேசச் சொல்லிட்டாங்களாம். எனக்கும் வருத்தமாத்தான் இருந்துதுங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா ஒரு பக்கம், கல்யாணம் ஆயி பெருந்துறை போறவளுக்கு இதெல்லாம் எதுக்குன்னும் தோணுச்சு. அதை வாய் உட்டுச் சொல்லிட்டேனாட்ட இருக்குது.

அவ கத்தலீங்க. கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், ஆறிப் போயிருக்கும். மெதுவாத்தான் சொன்னா. "ஒரு ஆணிப்பா. ஒரே ஒரு ஆணி அடிக்க உங்களுக்கு மனசு வரலை."

அந்த ஒயருச் சுருளையும் எக்ஸ்டென்சன் பொட்டியையும் என்ற கட்டல் மேல வெச்சுட்டுப் போயிட்டா. மறு வாரம் பெங்களூருக்குக் கெளம்பிட்டா, இனி ஆபீசுக்கே போறேன்னு. பெருந்துறை எடம் வேண்டாம்னுட்டா. நாந்தான் பஸ் ஏத்தி உட்டேன். வண்டி சரியான நேரத்துக்குக் கெளம்புச்சு. சன்னல்ல இருந்து திரும்பிப் பாப்பான்னு நின்னேன், தூக்கம் வந்துருக்கும் பாவம். ஊட்டுக்கு வந்தா ருக்குமணி சொல்றா, உங்க வாஸ்து பலிச்சுருச்சு, வாயு மூலையில படுத்தவ சீக்கிரமாவே கெளம்பிட்டான்னு. அவ எதுக்கு அப்படிச் சொன்னான்னு எனக்கு இன்னும் வெளங்கலை.

அதுல இருந்து என்ற போனை மைதிலி எடுக்கறதில்லீங்க. வேலை எச்சா இருக்கும். அவங்கம்மா போட்டா எடுக்கறா. எந்த நேரத்துல போட்டாலும் எடுக்கறா.

போன வாரம் நோம்பிக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தாங்க. அடுப்படியைக் காலி பண்றப்ப ருக்குமணி பொட்டியைக் கழட்டி, என்ற கட்டலுக்கடியில கெடந்த ஒயரையும் எக்ஸ்டென்சன் பொட்டியையும் எடுத்து மாட்டி, ஹால்ல மாடிப்படிக்கிட்ட ஒரு ஸ்டூல் மேல வெச்சுட்டா. என்னைக் கேக்கலை. நான் சுண்ணாம்பு வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தா, மாடியில சிரிப்புச் சத்தம் கேக்குது. மைதிலியோட சிரிப்பு. ஓடிப் போயிப் பாத்தா, அந்த வாயு மூலை ரூம்புல ருக்குமணி உக்காந்துட்டு போன்ல வீடியோ போட்டுப் பேசிட்டிருக்கறா. ரூம்புக்கு அடிச்ச கலரைக் காட்டிட்டிருக்கறா. படம் நிக்கலை, அறுந்து போகலை, கதவைச் சாத்துனாலும் எடுக்குது. என்னைப் பாத்ததும் மைதிலி, அப்பறம் பேசறேம்மான்னு வெச்சுட்டா.

என்ற போனை எடுத்து நானும் பாத்தேன். நாலு கோடும் நெறைய இருந்துது. சரி, கம்பெனிக்காரன் அன்னைக்குப் பாத்து எச்சா உட்டிருக்கறான், நம்ம போட்ட சத்தம் எங்கயோ எட்டியிருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். சாயங்காலமே பொட்டியை எடுத்துப் பழையபடி அடுப்படியில மாட்டிட்டேன். அங்கயே உட்டு வெக்க முடியுமுங்களா? உட்டு வெச்சா, அப்ப இத்தனை நாளும் இங்கயே வெச்சிருக்கலாம்லன்னு ருக்குமணி நெனப்பாளே. அவ வட்டல்ல சோத்தைப் போட்டு வெச்சுட்டு அக்கட்டப் போயிட்டா. அன்னைல இருந்து அப்படித்தான். எங்கூட்ல இப்பப் பேச்சுன்னா டி.வி. பேசறதுதான்.

முந்தாநாள் ருக்குமணி போனை ஸ்பீக்கர்ல போட்டு, நோம்பிக்கு வந்துரு கண்ணுன்னு அவளைக் கூப்பிட்டா. நான் ஹால்ல பேப்பரை விரிச்சு வெச்சுக்கிட்டுக் காதை அங்கதான் குடுத்திருந்தேன். மைதிலி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"பொட்டி இன்னும் அங்கயேதான் இருக்குதாம்மா?"

ஆமான்னா இவ. அப்பறம் அவ வேற பேச்சுக்குப் போயிட்டா. வர்றேன்னும் சொல்லலை, வரலைன்னும் சொல்லலை. அதுக்குத்தானுங்க காலையில எந்திரிச்சதும் கழட்டித் துண்டுல சுத்திட்டுக் கெளம்பிட்டேன். பொட்டிதான அவளுக்குப் பிரச்சினை? பொட்டியவே மாத்திட்டா?

என்னங்க சொன்னீங்க? புதுசு குடுத்தாலும் அந்த மூலையில வெச்சா இதேதான் நடக்குமுங்களா. உங்களுக்கு நல்லாத் தெரியுமுங்களா. நீங்க அந்தக் கம்பெனி ஆளு இல்லீங்களே.

ம்.

சித்தோடு தாண்டிருச்சாட்ட இருக்குது. இல்லீங்க, நான் ஒண்ணும் ரோசனை பண்ணலை. காத்து மூஞ்சியில அடிக்குது, கண்ணு கலங்குது, வேற ஒண்ணும் இல்லை.

தம்பி, ஒரு ஒத்தாசை பண்ணுவீங்களா. இந்தாங்க என்ற போனு. எனக்கு இதுல பேசத்தான் வரும், எழுத வராது. பேசுனா அவ எடுக்கறதில்லை. மைதிலின்னு பேரு போட்டிருக்கும் பாருங்க, பூப் படம் வெச்சிருப்பா. அதுக்கு ஒரு சேதி அடிங்க. தமிழ்லயே அடிங்க.

"ஆணி எங்க அடிக்கோணும்னு சொல்லு." அவ்வளவுதான். அப்பான்னெல்லாம் போட வேண்டாங்க, நம்பரைப் பாத்தாலே தெரியும்.

மன்னிப்பா? எதுக்குங்க மன்னிப்பு? பொட்டி அவனுங்க பொட்டி. தப்பு இருந்தா அவனுங்க தப்பு. நீங்க நான் சொன்னதை மட்டும் அடிங்க. நான் அந்த ஸ்டாப்புல எறங்கலை, ஸ்டாண்டுக்கே வந்து எதுத்த வண்டியில கோபிக்குத் திரும்பிக்கறேன். பதில் வந்தா அவ சொன்ன எடத்துல அடிக்கறேன். வரலீன்னாலும், அவ வாங்கி வெச்ச ஒயரு எது வரைக்கும் எட்டுதோ அது வரைக்கும் கொண்டு போயி அடிச்சர்றேன்.

இருங்க, இருங்க, அனுப்பிராதீங்க. இன்னொண்ணு சேத்துக்குங்க. எலக்ட்ரீசியனைக் கூட்டியாந்து ஹால்ல புது ப்ளக் பாயிண்டு வெக்கறேன், எர்த் போட்டே வெக்கறேன்னு எழுதுங்க. ஆனா ப்ளக்கைச் சொருகறதும் நாந்தான், புடுங்கறதும் நாந்தான். அவ வந்தாலும் அதுல கை வெக்கக் கூடாது. குளிச்சுட்டு வந்தா அந்தப் பக்கமே போகக் கூடாது. இது வாஸ்து இல்லீங்க, அதையும் எழுதுங்க. 'நீ தொடாதே கண்ணு'ன்னு எழுதுங்க.